58 கொலைகளில் ஒன்று எப்படித் தீர்ப்பிலிருந்து காணாமல் போனது?

"நீதி விசாரணையில் முறைகேடு" என்று செய்தியில் படித்ததும் நமக்குத் தோன்றுவது என்ன? நீதிபதிக்குப் பெட்டி போயிருக்கும், இல்லாவிட்டால் மேலிடத்திலிருந்து போன் வந்திருக்கும். அப்படி நடப்பதும் உண்டுதான். ஆனால் பெரிய வழக்குகள் கோணிப்போவதற்கு அவ்வளவு நாடகம் தேவைப்படுவதில்லை. குழியைத் தோண்டிய விதம், அடுக்கடுக்காகப் போட்ட மனுக்கள், சாட்சிக்குக் காவல் கொடுக்க எடுத்துக்கொண்ட நாட்கள் என்று சின்னச் சின்னதாக நடக்கும். அதில் பாதி சட்டப்படியே நடக்கும். இதைப் புரிந்துகொள்ள பிலிப்பைன்ஸின் மகிண்டானாவ் படுகொலை வழக்கைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டானாவ் தீவு. அதில் மகிண்டானாவ் அப்போது ஒரே மாகாணம் (2022-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது). 2009-இல் அங்கே அம்பதுவான் குடும்பம் வைத்ததுதான் சட்டம். அப்பா அண்டால் அம்பதுவான் மாகாண ஆளுநர். ஒரு மகன் சால்டி, மகிண்டானாவ் அடங்கிய முஸ்லிம் தன்னாட்சிப் பிரதேசம் முழுவதற்கும் ஆளுநர். இன்னொரு மகன், அப்பாவின் பெயரையே கொண்ட அண்டால், ஓர் ஊரின் மேயர். குடும்பப் பெயரிலேயே ஓர் ஊர்கூட இருக்கிறது. 2004 அதிபர் தேர்தலில், நாடே கொண்டாடிய நடிகர் ஃபெர்னாண்டோ போ ஜூனியருக்கு இந்த மாகாணத்தின் சில ஊர்களில் ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் குளோரியா மக்கபகல் அரோயோ. மணிலாவில் இருந்த அரசுக்கு இந்தக் குடும்பம் எவ்வளவு வேண்டப்பட்டது என்பது இதிலிருந்தே தெரியும்.

மகன் அண்டாலை அடுத்த ஆளுநராக்குவது குடும்பத்தின் திட்டம். புலுவான் ஊரின் துணை மேயர் எஸ்மாயில் மங்குடாடாட்டு எதிர்த்து நிற்கக் கிளம்பினார். கொன்றுவிடுவோம் என்று மிரட்டல் வந்தது. பெண்கள் மேல் கைவைக்கமாட்டார்கள் என்று நம்பி, மனைவியையும் சகோதரிகளையும் வேட்புமனுவோடு அனுப்பிவைத்தார். கூடவே பத்திரிகையாளர்களையும் அழைத்திருந்தார். கேமரா இருந்தால் அடக்கி வாசிப்பார்கள் என்று கணக்கு. நவம்பர் 23 காலை, வழியில் அந்த வண்டிகளை ஆயுதக் கும்பல் மறித்தது. கும்பலில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து விலகி ஒரு மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய் எல்லோரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரத்தில் தற்செயலாக அதே சாலையில் வந்த வேறு வண்டிக்காரர்களையும் விடவில்லை. மொத்தம் 58 பேர். அதில் 32 பேர் பத்திரிகை, ஊடகத் துறையினர். உலகெங்கும் பத்திரிகையாளர் கொலைகளை 1992-லிருந்து கணக்கெடுத்துவரும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் பதிவில், ஒரே சம்பவத்தில் இத்தனை பேர் பலியானது இதுதான் முதல் முறை.

பத்திரிகையாளர் கொல்லப்படும் வழக்குகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஜெனரல் சாண்டோஸ், கொரனடால் போன்ற ஊர்களிலிருந்து போன இவர்கள்தான், இப்படியொரு கொலை நடந்தால் போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து எழுத வேண்டியவர்கள். விசாரணையைக் கண்காணித்திருக்க வேண்டிய கண்களே குழிக்குள் போய்விட்டன. மணிலாவிலிருந்து வரும் நிருபர் இரண்டு வாரம் இருப்பார், அப்புறம் வேறு செய்தி வந்துவிடும்.

சரி, விசாரணைக்கு வருவோம். எந்தக் கொலை வழக்கும் சம்பவ இடத்தில்தான் ஜெயிக்கிறது, தோற்கிறது. கொலையாளிகள் உடல்களையும் சில வண்டிகளையும் புதைக்க மாகாண அரசுக்குச் சொந்தமான பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். வேலை முடிவதற்குள் ராணுவம் வருவதாகத் தகவல் கிடைத்து, இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்கள். இதுவரை விசாரணைக்கு நல்ல அதிர்ஷ்டம்தான். கையும் களவுமாக என்று சொல்கிற அளவுக்குச் சான்று கிடக்கிறது. அடுத்து நடந்ததுதான் கோளாறு. உடல்களை வெளியே எடுப்பதற்கும் பொக்லைனையே பயன்படுத்தினார்கள்.

தடயவியல் தெரியாதவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். புதைகுழியைக் கையால், கரண்டியாலும் தூரிகையாலும், அடுக்கடுக்காகத்தான் திறக்க வேண்டும். எந்த உடல் எதன்மேல் கிடந்தது, எந்தத் தோட்டா உறை யார் அருகே இருந்தது, எந்தக் கைபேசி யாருடையது என்பதெல்லாம் மண்ணின் அந்த அடுக்கில்தான் எழுதியிருக்கும். இரும்புவாய் ஒரு தடவை அள்ளிக் கொட்டினால் அந்த வரிசை போய்விடும். பிறகு எத்தனை பெரிய நிபுணர் வந்தாலும் திரும்பக் கிடைக்காது. சில மாதங்கள் கழித்து அந்த இடத்தைப் பார்க்கப்போன வெளிநாட்டுத் தடயவியல் நிபுணர்கள், தோட்டா உறைகள் உள்படப் பல தடயங்கள் இன்னும் அங்கேயே கிடப்பதைப் பார்த்தார்கள். இதைச் சதி என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. உறவினர்கள் கதறிக்கொண்டிருக்கும்போது சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றமாகவும் இருக்கலாம். ஆனால் முறைகேடு என்பதற்குக் கெட்ட எண்ணம் கட்டாயமில்லை. செய்ய வேண்டிய முறைப்படி செய்யாவிட்டாலே போதும். அதன் விலையை பத்து வருடம் கழித்து ஒரு குடும்பம் கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, வழக்கை எங்கே நடத்துவது? குற்றம் நடந்த ஊர் நீதிமன்றத்தில் என்பதுதான் பொது விதி. ஆனால் அந்த வட்டாரத்தில் போலீஸ் முதல் ஊர்க்காவல் படை வரை அம்பதுவான்களின் ஆட்கள். எனவே உச்ச நீதிமன்றம் வழக்கை மணிலாவை ஒட்டிய கெசோன் நகருக்கு மாற்றியது. நல்ல முடிவு. அங்கே வழக்குகளை நீதிபதிகளுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்குவார்கள். முதலில் யார் பெயர் வந்ததோ அந்த நீதிபதி பாதுகாப்பைக் காரணம் காட்டி விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்லித் தீர்ப்பெழுத நான் யார்? இரண்டாவது குலுக்கலில் வந்தவர் ஜோசலின் சோலிஸ்-ரெய்ஸ். அவர் விலகவில்லை. கடைசி வரை அவர்தான் வழக்கை நடத்தினார். வழக்கமான நீதிமன்ற அறை பாதுகாப்பில்லை என்பதால் விசாரணை போலீஸ் முகாமுக்குள் நடந்தது.

வழக்கின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் இன்னொரு விஷயம், என்ன குற்றச்சாட்டு போடுகிறார்கள் என்பது. படுகொலைக்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் அதிபர் அரோயோ அந்த மாகாணத்தில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அம்பதுவான்கள் மேல் அரசுக்கு எதிரான கலகம் என்ற வழக்கும் பாய்ந்தது. கேட்பதற்குக் கடுமையான நடவடிக்கை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் பிலிப்பைன்ஸ் சட்டம் தெரிந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் 1956-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பின்படி, கலகத்தின் பகுதியாகச் செய்த கொலை தனிக் குற்றமாக நிற்காது, கலகம் என்ற குற்றத்துக்குள் கரைந்துவிடும். 58 கொலையும் "கலகத்தின் போது நடந்தது" என்று வாதாட ஒரு கதவு திறந்துவிட்ட மாதிரி. நல்லவேளையாக 2010 மார்ச்சில் கெசோன் நகர நீதிமன்றம் ஒன்று கலக வழக்கைத் தள்ளுபடி செய்தது. கொலை வழக்குகள் தப்பித்தன. கடுமையாகத் தெரியும் நடவடிக்கையைக் கண்டு உடனே கைதட்டிவிடக் கூடாது என்று இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

கலக வழக்கு போன அடுத்த மாதமே வேறொரு வெடி. நீதித் துறையின் பொறுப்பு அமைச்சராக இருந்த அல்பெர்ட்டோ அக்ரா, சால்டியையும் குடும்பத்தின் இன்னொருவரையும் வழக்கிலிருந்து விடுவிக்க உத்தரவிட்டார். சம்பவம் நடந்தபோது அவர்கள் அங்கே இல்லை, விமானப் பயணப் பதிவு இருக்கிறது, போன் பில் இருக்கிறது என்று காரணம். அரசு வழக்கறிஞர்களின் முடிவைத் திருத்த அமைச்சருக்கு அங்கே சட்டப்படி அதிகாரம் உண்டு. எனவே இது சட்டமீறல் இல்லை. ஆனால் முறையா? "நான் வேறிடத்தில் இருந்தேன்" என்ற வாதம் உண்மையா பொய்யா என்பதைச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து நீதிபதி முடிவு செய்ய வேண்டும். அதோடு, சால்டி மேல் இருந்த குற்றச்சாட்டு சதித்திட்டம். சதியில் பங்கேற்றவர் சம்பவ இடத்தில் நின்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியிருக்க விமான டிக்கெட்டால் என்ன நிரூபணமாகும்? அமைச்சரின் கீழே வேலை பார்த்த அரசு வழக்கறிஞர்களே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மே மாதம் அக்ரா உத்தரவைத் திரும்பப் பெற்றார். 2019-இல் அதே சால்டி குற்றவாளி என்று தீர்ப்பானது.

ஆட்சியிலிருப்பவர்கள் வழக்கின் போக்கை மாற்ற வேறு வழிகளும் உண்டு. 1983 ஜனவரியில் பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைக் கிராமமான உச்சுராக்காயில் எட்டுப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கே நீதிமன்றம் முடிவுக்கு வருவதற்கு வெகு முன்பே அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசா அதில் முக்கிய உறுப்பினர். சில வாரங்களில் அறிக்கை வந்துவிட்டது: கிராமத்தார் இவர்களை, அரசை எதிர்த்துப் போரிட்ட 'ஒளிரும் பாதை' கெரில்லாக்கள் என்று தவறாக நினைத்துக் கொன்றார்கள் என்று. கிராமத்தார் கொன்றார்கள் என்பதைப் பிற்பாடு 2003-இல் உண்மை ஆணையமும் உறுதி செய்தது. பிரச்சினை முடிவு சரியா தப்பா என்பதில் இல்லை. நாடறிந்த பெரிய மனிதர்கள் தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு, நீதிபதி என்ன செய்தாலும் அதை ஆமோதிப்பதாகவோ எதிர்ப்பதாகவோதான் பார்க்கப்படும். கடைசியில் 1987-இல் கெச்சுவா மொழி பேசும் மூன்று விவசாயிகள் தண்டிக்கப்பட்டார்கள். அதற்குள் அந்தக் கிராமமே போரில் காலியாகிவிட்டது. 1983-க்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் மட்டும் 135 பேர் செத்திருந்தார்கள். சாட்சி சொல்ல யார் மிச்சம்?

மகிண்டானாவுக்குத் திரும்புவோம். ஏன் பத்து வருடம் ஆனது என்று கேட்டால், பெரும்பகுதிப் பதில் ஜாமீன் என்ற ஒரே சொல்லில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் கொலை போன்ற குற்றங்களுக்கு, சான்று வலுவாக இருந்தால் ஜாமீன் கிடையாது. சரிதானே? ஆனால் சான்று வலுவா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு தனி விசாரணை நடத்த வேண்டும். அரசுத் தரப்பு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். கிட்டத்தட்ட முழு வழக்கையும் ஒரு தடவை சின்ன அளவில் ஓட்டிப் பார்ப்பது மாதிரி. ஒருவர் கேட்டால் சமாளிக்கலாம். இங்கே குற்றம் சாட்டப்பட்டவர்கள் 190-க்கும் மேல். எல்லோரும் ஒரே நேரத்தில் பிடிபடவும் இல்லை, ஒரே வழக்கறிஞரை வைக்கவும் இல்லை. பிடிபடப் பிடிபட, பல பத்துப் பேர் தனித்தனியாக ஜாமீன் கேட்டார்கள். மறுத்தால் மறுபரிசீலனை மனு. அதையும் மறுத்தால் மேல் நீதிமன்றம். சால்டி தன்மேல் குற்றச்சாட்டு பதிவானதையே எதிர்த்து மேலே மேலே போனதில், குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி "குற்றவாளியா இல்லையா" என்று கேட்கும் முதல் கட்டமே அவருக்கு 2012 கடைசியில்தான் நடந்தது. இந்த வேகத்தில் போனால் வழக்கு முடிய 200 வருடம் ஆகும் என்று ஒரு செனட்டர் அப்போது சொன்னார்.

நம்மூர் வாய்தாக் கலாச்சாரம் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இந்த மனுக்களில் ஒன்றைத் தனியே எடுத்து "இது முறைகேடு" என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அந்த உரிமைகளைப் பிடுங்கினால் விசாரணை இன்னும் மோசமாகும். எல்லாம் சேர்ந்து வந்தபோது, அதற்கு ஏற்ற ஆளும் அறையும் நேரமும் நீதித்துறை தொடக்கத்திலேயே ஒதுக்காமல் விட்டதுதான் தப்பு என்பேன்.

தாமதம் வெறும் எரிச்சல் தரும் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். தாமதத்தில் ஆட்கள் சாகிறார்கள். சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் அங்கே 1991-லிருந்தே இருக்கிறது. சுவாய்ப் உப்ஹாம் என்பவர், சுட்டவர்களில் தானும் ஒருவன் என்றும், பாதுகாப்புக் கொடுத்தால் உள்ளே நடந்ததைச் சொல்கிறேன் என்றும் முன்வந்தார். அதிகாரிகள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். 2010 ஜூனில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கூலிப்படையினரை வண்டியில் ஏற்றிப் போனதாக நீதிமன்றத்தில் சொன்ன ஓட்டுநர் ஒருவர் 2012-இல் காணாமல் போய்ப் பிறகு துண்டு துண்டான உடலாகக் கிடைத்தார். 2014 நவம்பரில், அரசு வழக்கறிஞர்களைச் சந்திக்கப் போய்க்கொண்டிருந்த இன்னொரு முன்னாள் ஓட்டுநர் வழியிலேயே கொல்லப்பட்டார். சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மூவரைப் பார்த்துக்கொண்டிருந்த நான்காவது சாட்சியின் வீட்டில் இரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்தால், பிறழாமல் நின்றவர்களைத்தான் பாராட்டத் தோன்றுகிறது. அப்படியும் நின்றார்கள். வழக்கில் 350-க்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள்.

இந்த இடைவெளியில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வாழ்க்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடவில்லை. அப்பா அண்டாலின் இன்னொரு மகன் சஜித் இஸ்லாமுக்கு எதிரான சான்று போதிய அளவு வலுவில்லை என்று 2015-இல் ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்து தேர்தலில் நின்றார், 2019-இல் மேயரும் ஆனார். பிறகு விடுதலையும் ஆனார். சால்டி 2018-இல் நீதிமன்ற அனுமதியோடு மணிலாவின் நட்சத்திர ஓட்டலில் மகள் கல்யாணத்துக்குப் போய்வந்தார். அப்பா அண்டால் 2015-இல் தீர்ப்பைப் பார்க்காமலே நோயில் இறந்தார். இறந்தவர் மேல் குற்ற வழக்கு நிற்காது. குடும்பத் தலைவரைப் பொறுத்தவரை வழக்கு அப்படியே முடிந்தது.

கீழ்மட்டத்தில் நிலைமை வேறு. 2019 டிசம்பர் 19-இல் வந்த 761 பக்கத் தீர்ப்பில், மகன் அண்டாலும் சால்டியும் உள்பட 28 பேருக்குப் பரோல் இல்லாமல் 40 ஆண்டு வரையிலான சிறை. குற்றத்துக்குப் பின் உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு 15 பேருக்குக் குறைந்த தண்டனை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை. இந்த விடுதலையானவர்களில் பலர் சாதாரணப் போலீஸ்காரர்கள், ஜாமீனும் கிடைக்காமல் வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள். பத்திரிகைகளில் இவர்களைப் பற்றி இரண்டு வரி வந்தால் அதிகம். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பக்கம் நிற்கிற நமக்கு இதைப் பேசுவது சங்கடம்தான். ஆனாலும், குற்றம் நிரூபணமாகாத ஒருவரை அவ்வளவு காலம் அடைத்து வைத்ததும் இதே விசாரணையின் முறைகேட்டுக் கணக்கில்தான் வர வேண்டும்.

இப்போது அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். ரெய்னால்டோ மொமாய் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர். மற்றவர்களோடு அன்று கிளம்பிப் போனார், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சம்பவ இடத்தில் கிடைத்தது ஒரு பல்செட் மட்டும். அது அப்பாவுடையது என்றார் மகள். பிறகு 58-வது கொலையாக அவர் பெயரும் வழக்கில் சேர்ந்தது. சஜித் இஸ்லாமுக்கு ஜாமீன் தொகை நிர்ணயித்தபோதுகூட, கொலை ஒன்றுக்கு 2 லட்சம் பெசோ வீதம் 58 கொலைக்கும் பெருக்கி 1 கோடியே 16 லட்சம் பெசோ என்று போட்டார்கள். ஜாமீன் கணக்கில் மொமாய் இருந்தார்.

தீர்ப்பில் இல்லை. தண்டனை 57 கொலைகளுக்கு மட்டும்தான். உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அவர் அங்கே இறந்தார் என்று நீதிபதி நம்பும்படி ஏதாவது வேண்டும், ஒரு பல்செட் அதற்குப் போதாது என்று முடிவானது. கொலையே நிரூபணமாகாததால் இழப்பீட்டுப் பட்டியலிலும் அந்தக் குடும்பம் இல்லை. நீதிபதி இரக்கமில்லாமல் எழுதிவிட்டார் என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருக்கும் சான்றுக்கு மேல் ஒரு நீதிபதி எழுதக் கூடாது. என் கோபமெல்லாம், முதல் நாட்களில் அந்த மேட்டில் மண்ணைச் சலித்துப் பார்க்காமல் இரும்புவாயால் அள்ளிக் கொட்டியவர்கள் மேல்தான்.

தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு நாளில் இன்னும் சுமார் 80 பேர் தலைமறைவாக இருந்தார்கள். பிலிப்பைன்ஸ் அரசியல் சட்டப்படி, ஒருவர் நேரில் நின்று குற்றச்சாட்டுக்குப் பதில் சொன்ன பிறகு ஓடிப்போனால்தான் அவர் இல்லாமலே விசாரணையைத் தொடரலாம். ஒரு தடவைகூடப் பிடிபடாதவர் மேல் அதுவும் முடியாது. ஆக, இவர்களில் யார் எப்போது பிடிபட்டாலும் அவருக்கான விசாரணை முதலிலிருந்து தொடங்கும். தன்னைக் குற்றம் சொல்லும் சாட்சியை நேருக்கு நேர் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கும் உரிமை உண்டு. அதற்காக, 2010-இலும் 2012-இலும் கூண்டில் ஏறிச் சொன்னவர்களை அரசு வழக்கறிஞர்கள் மறுபடி தேடிப் பிடித்து, அதையே மறுபடி சொல்லவைக்க வேண்டியிருக்கும்.